சீட்டு இலவசம், கூலி?

நாமகிரிப்பேட்டை மஞ்சள் காட்டில் களையெடுக்கும் தாய், காய்ச்சலில் துவளும் குழந்தையுடன் காலையில் அரசு மருத்துவமனைக்குச் சென்றால் மருந்து இலவசம். அன்றைய கூலியோ போயிற்று! கூலியா, குழந்தையா? ஏழைத் தாய் இப்படித் தராசு பிடிக்கலாமா எனக் கேட்கிறோம்.

மருத்துவரே குழந்தையைத் தேடிவரும் தேசியக் குழந்தைகள் நலத் திட்டம் 2013-ல் வந்தது. பிறந்தது முதல் 18 வயது வரை பரிசோதனை. ஆண்டுக்கு அங்கன்வாடியில் இருமுறை, அரசுப் பள்ளியில் ஒருமுறை. நல்ல திட்டம், வரவேற்கிறோம். ஆனால், காய்ச்சல் நாள் பார்த்தா வரும்? வேலை முடித்து வரும் தாய்க்காக, ஆரம்ப சுகாதார நிலையந்தோறும் மாலையிலும் குழந்தை மருத்துவம் வேண்டும்!

தோழர்களே! மருத்துவக் குழு வரும் நாளை வீடுவீடாகச் சொல்லுங்கள். மாலை மருத்துவத்தை ஊர் கூடிக் கேளுங்கள். நாம் கேட்பது சலுகையல்ல, உரிமை!