வென்ற மன்னன் விட்டுச்சென்ற கன்னடக் கல்வெட்டு
காஞ்சிபுரம் கைலாசநாதர் கோயில், முன்மண்டபம்

இம்மண்டபத் தூண் ஒன்றின் பின்புறத்தில் கன்னடக் கல்வெட்டு இருக்கிறது. அவசரமாகக் கடப்பவர் கண்ணில் படாது. நின்று தேடிப் பாருங்கள்.

642இல் பல்லவன் முதலாம் நரசிம்மவர்மன் சாளுக்கியரின் தலைநகரான வாதாபியைக் கைப்பற்றினான். அந்தப் பகை எளிதில் ஆறவில்லை. அடுத்த நூற்றாண்டில் சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன் படையுடன் காஞ்சிக்குள் நுழைந்தான். பழிக்குப் பழி என்று நகரைக் கொளுத்தியிருக்கலாம். ஆனால், பல்லவ மன்னன் ராஜசிம்மன் எழுப்பிய இக்கோயிலின் செல்வத்தைப் பார்வையிட்டு, அதை இறைவனுக்கே திருப்பித் தந்ததாகச் சொல்கிறது கல்வெட்டு. இவ்வெழுத்தை அழிப்போர், இந்நகரச் சபையோரைக் கொன்ற பாவிகள் போகும் உலகுக்குப் போவார்கள் என்றும் எச்சரிக்கிறது. பகைவனின் ஊர்ச் சபைக்கு இவ்வளவு மதிப்பு!

மதிக்க வேண்டிய ஊர்தான். 7ஆம் நூற்றாண்டில் இங்கு வந்த சீனத் துறவி யுவான் சுவாங், நூற்றுக்கும் மேற்பட்ட பௌத்த மடங்களைக் குறிப்பிடுகிறார். சமணருக்குத் திருப்பருத்திக்குன்றக் கோயில் இன்றும் இருக்கிறது. சைவமும் வைணவமும் பல்லவர் ஆதரவில் கல்லில் எழுந்தன.

காஞ்சி வெற்றியின் நினைவாக விக்கிரமாதித்தனின் அரசி லோகமகாதேவி, கர்நாடகத்தின் பட்டடக்கல்லில் விருபாட்சர் கோயிலை எழுப்பினாள். அதன் அமைப்பில் இந்தக் கைலாசநாதர் கோயிலின் சாயலைக் காணலாம்.