சின்ன விவசாயி பேச்சும் சபை ஏறியது



எங்க ஆயாவுக்கு ஒரு ஏக்கர் மானாவாரி நிலம் இருக்கிறது. ராகி விதைத்து, நடுவில் அவரை போடுவாங்க. அப்பா ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போகிறார். “செலவுதான் மிச்சம், பிளாட் போட வித்துடலாம்” என்கிறார்.

செலவு ஏன் கூடுகிறது? இதை அன்றைக்கே யோசித்தவர் நம்மாழ்வார். 1963-இல் கோவில்பட்டி அரசு ஆராய்ச்சிப் பண்ணையில் வேலைக்குச் சேர்ந்தார். மழையை நம்பும் சிறு விவசாயிக்கு, காசு கொடுத்து வாங்கும் உரமும் மருந்தும் கட்டுப்படியாகாது என்றார். அங்கே எடுபடவில்லை. 1969-இல் வேலையை விட்டார். ஊர் ஊராகப் போய் இயற்கை விவசாயம் சொல்லிக் கொடுத்தார். 2013-இல் காலமானார்.

அவரும் அவர் வழியில் வந்தவர்களும் பேசிய விவசாயத்துக்கு 2023-இல் தமிழக அரசு ‘உயிர்ம வேளாண்மைக் கொள்கை’ வெளியிட்டது. கொள்கை என்றால், இனி இப்படித்தான் செய்வோம் என்று அரசு எழுதி வைப்பது. நல்ல உயிர்ம விவசாயிகளுக்கு அவர் பெயரிலேயே விருதும் வந்தது. அன்று எடுபடாத பேச்சு அரசு ஏட்டில் ஏறிவிட்டது!

விளைந்ததை வாங்கவும் ஆள் வேண்டுமே? நம் கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் தருமபுரியிலும் சிறு, குறு விவசாயிகளிடம் அரசே ராகி வாங்கத் தொடங்கியது. 2023-24-இல் ஆதரவு விலை குவிண்டாலுக்கு 3,846 ரூபாய்.

ஆனால் நிலமே பிளாட் ஆகிவிட்டால் எந்தக் கொள்கை வந்து என்ன பயன்? கல் நட்ட இடத்தில் ராகி முளைக்குமா?

இதை அப்பாவிடம் கேட்டேன். “யோசிக்கலாம்” என்றார். ஆயா ஒன்றும் பேசாமல் அவரைக்காய் பறிக்கப் போய்ட்டாங்க.

நீங்களும் உங்க வீட்டில் கேட்டுப் பாருங்கள்.



— 9-ஆம் வகுப்பு மாணவி