கன்டெய்னர் கதவை மூடும் கலை

திருப்பூர்ப் பின்னலாடையை ஏற்றிக்கொண்டு தூத்துக்குடியில் கப்பலேறும் கன்டெய்னர், வாங்கியவரின் கிடங்கில்தான் மறுபடி திறக்கப்பட வேண்டும். இடையில் பல கைகள் மாறும். அவ்வளவு தூரத்துக்கும் சரக்கின் பாதுகாப்பு பின்புற இரட்டைக் கதவுகளை நம்பியே இருக்கிறது.

ஒவ்வொரு கதவிலும் வழக்கமாக இரண்டு நெடிய இரும்புக் கம்பிகள் உண்டு. இவை லாக்கிங் பார். கம்பியின் இரு நுனிகளிலும் 'கேம்' எனும் உறுதியான கொக்கிகள். கைப்பிடியைத் தள்ளினால் கம்பி சுழலும். கேம்கள் மேல் கீழ்ச் சட்டங்களில் பற்றவைத்த பிடிகளுக்குள் புகுந்து, நெம்புகோலாகக் கதவை உள்ளே இழுக்கும். கதவோர ரப்பர் பட்டை அழுந்தி, மழைநீர் புகாமல் அடைக்கும்.

முதலில் இடக்கதவு, பிறகு வலக்கதவு. வலக்கதவின் விளிம்பு இடக்கதவின் மேல் படிவதால், வலதைத் திறக்காமல் இடதைத் திறக்க முடியாது. பூட்டிய கதவுக்கு முத்திரையாகப் போடும் 'சீல்' வலக்கதவில் இருப்பது இதனால்தான்.

எட்டு கேம்களும் முழுமையாகப் பிடிக்குள் அமர்ந்தனவா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். கப்பல் அலையில் உருளும்போது பெட்டியின் பின்சட்டம், ஆணி தளர்ந்த ஜன்னல் சட்டம்போல, ஒருபக்கமாகச் சாயப் பார்க்கும். பூட்டிய கதவுகளும் சேர்ந்துதான் அதைச் சாயவிடாமல் தாங்குகின்றன.

கைப்பிடியைக் கொண்டியில் மாட்டியபின் போல்ட் சீல். ஆணியைக் குப்பிக்குள் அழுத்தினால் 'க்ளிக்' என்று பிடித்துக்கொள்ளும்; சாவி கிடையாது, வெட்டித்தான் எடுக்க வேண்டும். ஐஎஸ்ஓ 17712 தரத்தின் உயர்பாதுகாப்பு வகை, சுமார் ஒரு டன் இழுவிசையைத் தாங்க வேண்டும். ஆனாலும் பெரிய கட்டர் அதை வெட்டிவிடும். சீலின் உண்மையான வேலை சாட்சி சொல்வது: ஆவணத்தில் எழுதிய எண்ணே கதவிலும் இருந்தால், அந்தச் சீல் மாற்றப்படவில்லை. இந்தியாவில் ஏற்றுமதியாளர் தாமே சீல் வைக்கும் பெட்டிகளுக்கு, ரேடியோ அலையில் படிக்கக்கூடிய மின்னணு சீல் 2017-இல் வந்தது.

சாட்சியையும் ஏமாற்றலாம். சீலைத் தொடாமல், கைப்பிடியின் ரிவெட்டைத் துளைத்துக் கழற்றிக் கதவைத் திறப்பது திருடர்களின் பழைய உத்தி. எனவே எண்ணைப் படிப்பதோடு நிறுத்தாமல், சீலை இழுத்து, முறுக்கிப் பார்க்க வேண்டும். ரிவெட்டில் புதுப் பெயின்ட், நிறம் மாறிய தலை தெரிந்தால் உடனே சந்தேகப்பட வேண்டும்.

திறப்பவருக்கும் ஒரு விதி உண்டு. பயணத்தில் நகர்ந்த சரக்கு கதவில் சாய்ந்து நிற்கலாம். சட்டென்று திறந்தால் ஆளின் மேலேயே சரியும். வலக்கதவை மெல்ல, சிறிதளவே திறந்து உள்ளே பார்த்த பிறகே முழுதும் திறக்க வேண்டும்.