நெய்யாற்றின்கரை: ஆறும் எல்லையும்

திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் அமைந்துள்ளது நெய்யாற்றின்கரை. பெயரே ஊரின் இருப்பிடத்தைக் கூறிவிடுகிறது. அதற்குத் தெற்கே பாறசாலை. அதனையும் கடந்து களியக்காவிளையை அடைந்தால் தமிழ்நாடு. தமிழும் மலையாளமும் ஒரே வீட்டில் வழங்கும் இவ்வெல்லைப்புறத்தின் வரலாற்றை அறிய விரும்புவோர், முதற்கண் அதன் ஆற்றை அறிதல் வேண்டும்.

நெய்யாறு, 1,868 மீட்டர் உயரமுள்ள அகத்திய மலையில் தோன்றுகிறது. நம் பொருநையாற்றுக்கும் அம்மலைத்தொடரே தாய்வீடு. பொருநை கிழக்கே திரும்பி நெல்லைச் சீமையை வளப்படுத்துகிறது. நெய்யாறோ மேற்கே இறங்கி, 56 கிலோமீட்டர் மட்டுமே ஓடிப் பூவாற்றின் அருகே அரபிக் கடலில் கலந்துவிடுகிறது. மலைக்கும் கடலுக்கும் இடைவெளி குறுகியதாதலின், பெய்த மழைநீர் விரைந்து கடலை அடைகிறது. ஆகவே, நீரைத் தேக்கி வைத்தாலன்றி வேனிற்காலத்தில் வயல்களுக்குப் பாய்ச்ச இயலாது. இவ்வியல்பே பிற்காலத்து வழக்கொன்றுக்கும் வித்தாயிற்று.

திருவிதாங்கூரின் தலைநகர் பத்மநாபபுரத்தில் இருந்த நாளில், அங்கிருந்து திருவனந்தபுரம் செல்வோர் இவ்வூர் வழியாகவே சென்றனர். 1729இல் அரியணை ஏறிய மார்த்தாண்ட வர்மர், இளவரசராய் இருந்தபோது, எட்டு வீட்டுப் பிள்ளைமாரிடமிருந்து தப்பி இங்கிருந்த பலாமரப் பொந்தில் ஒளிந்து உயிர் பிழைத்தார் என்பது வழிவழி வந்த செய்தி. 'அம்மச்சிப் பிலாவு' எனப்படும் அம்மரத்தின் எச்சம், அவர் எழுப்பிய கிருஷ்ணசுவாமி கோயில் வளாகத்தில் போற்றப்படுகிறது.

அரசர் வரலாற்றினும் ஆழமான சுவடு, ஆற்றின் மேற்பகுதியிலுள்ள அருவிப்புறத்தில் உண்டு. 1888இல் நாராயண குரு, நெய்யாற்றிலிருந்து எடுத்த கல்லையே சிவலிங்கமாக அங்கு நிறுவினார். கோயிலுக்குள் புகுதலே மறுக்கப்பட்ட மக்களிடையே பிறந்த ஒருவர் ஆற்றிய அச்செயல், கேரளச் சமூக மாற்றத்தின் தொடக்கங்களுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. அண்மையிலுள்ள பாலராமபுரத்திலோ, தமிழ்ப் பகுதியிலிருந்து குடியேறிய சாலியர்களின் தறிகள் தலைமுறை தலைமுறையாக ஒலித்து வந்துள்ளன.

இத்தகைய கலப்பு நிலத்தில் கோடு கிழிப்பது எளிதன்று. மார்ஷல் நேசமணி முதலியோர் வழிநடத்திய திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ், நெய்யாற்றின்கரை வட்டத்தையும் தமிழகத்துடன் சேர்க்குமாறு கோரியது. 1954 ஆகஸ்டு 11ஆம் நாள் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் நிகழ்ந்த துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. 1956 நவம்பர் முதல் நாளில் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது.

நிலம் பிரிந்தது, நீரின் நிலை என்ன? நெய்யாற்று அணை 1958இல் நிறைவெய்தியது. அதன் இடதுகரைக் கால்வாய் எல்லையைக் கடந்து, விளவங்கோடு வட்டத்தில் ஏறத்தாழ 9,200 ஏக்கர் நிலத்துக்கு நீர் தந்தது. 2004இல் அவ்வரவு நின்றது. ஆறு தன் எல்லைக்குள்ளேயே ஓடுவதால் அது மாநிலங்களிடைப்பட்ட ஆறன்று என்பது கேரளத்தின் வாதம். பிரிவினைக்கு முன்பே வகுக்கப்பட்ட திட்டத்தின் பாசனப் பரப்பு அது. ஆகவே உரிமை நீங்காது என்பது தமிழகத்தின் வாதம். 2012இல் தமிழக அரசு உச்ச நீதிமன்றத்தை நாடியது. வாதங்கள் எவையாயினும், கால்வாயின் கடைமடையில் நிற்கும் உழவருக்கு நீரின்றி நெல் விளையாது என்பதொன்றே மெய்.

எல்லைக்கோடு தடுக்காத ஒன்றையும் நாம் காண்கிறோம். ஆண்டுதோறும் நவராத்திரியின்போது பத்மநாபபுரத்துச் சரஸ்வதியும், குமாரகோயில் முருகனும், சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் திருவனந்தபுரத்திற்கு எழுந்தருளுகின்றனர். களியக்காவிளையில் கேரளத்தார் எதிர்கொண்டு வரவேற்கின்றனர். வழியில் பாறசாலையைக் கடந்து, நெய்யாற்றின்கரைக் கோயிலில் ஓரிரவு தங்கல். விழா முடிந்ததும் அதே வழியில் திரும்புகின்றனர். தெய்வங்களுக்கு வழிவிட இசைந்த இரு மாநிலங்களும் நீருக்கும் வழிகாண இசையுமாயின், அதுவே இவ்வெல்லைச் சிற்றூர்களுக்குப் பெரும் பேறாகும்.