40-ஆம் நம்பர் நூல்... நிஜமாகவே 40 தானா?

அம்பாசமுத்திரத்தை அடுத்த விக்கிரமசிங்கபுரத்தில், பாபநாசம் அருவித் தண்ணீரின் விசையில் 1880-களிலேயே ஹார்வி மில் ஓடத் தொடங்கிவிட்டது. பக்கத்து வீரவநல்லூர் கைத்தறிக்குப் பேர்போன ஊர். நூற்பவருக்கும் நெய்பவருக்கும் நடுவே எப்போதும் ஒரு கேள்வி உண்டு: நூல் சிப்பத்தில் போட்டிருக்கும் நம்பர் நிஜமா?

840 கெஜம் நூல் ஒரு சிட்டம். ஒரு பவுண்டு எடையில் 40 சிட்டம் இருந்தால் அது 40-ஆம் நம்பர். 38 தான் இருந்தால்? கிலோவுக்குச் சுமார் 3.4 கிலோமீட்டர் நூல் குறைகிறது. தராசில் எடை என்னவோ சரியாகவே காட்டும்!

இதைக் கண்டுபிடித்துச் சொல்லும் இடங்களில் ஒன்று, கோவையில் 1956 முதல் இயங்கும் 'சிட்ரா' எனும் தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கம். பருத்தி காற்றின் ஈரத்தை உறிஞ்சி எடை கூடும். சாரல் காலத்தில் நிறுத்த நூலும் கத்திரி வெயிலில் நிறுத்த நூலும் ஒன்றல்ல, பாருங்கள்! அதனால் 27 டிகிரி செல்சியஸ், 65 சதவிகித ஈரப்பதம் உள்ள அறையில் நூலை வைத்திருந்த பிறகே சோதனை. 120 கெஜம் சுற்றி எடை போடுகிறார்கள். எவ்வளவு இழுத்தால் அறுகிறது என்றும் பார்க்கிறார்கள்.

பலமில்லாத நூல் என்றால் பாவு அடிக்கடி அறும். ஒவ்வோர் இழையையும் முடிச்சுப்போடத் தறியை நிறுத்த வேண்டும். சேலைக் கணக்கில் கூலி வாங்கும் நெசவாளருக்கு அந்த நேரத்துக்குக் காசு கிடையாது.