கிளாம்பாக்கத்துல இறங்கியாச்சு... அடுத்து எங்கே? வண்டலூர் முதல் பரங்கிமலை வரை ஒரு மினி கைடு!

மதுரையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ நைட் பஸ் ஏறினா, விடியற்காலை உங்களை இறக்கிவிடும் இடம் இப்போ கோயம்பேடு இல்லை, கிளாம்பாக்கம். 2023 டிசம்பர் 30-ல் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு பேருந்து முனையம்தான் தென் மாவட்ட மக்களுக்குச் சென்னையின் வாசல். ஆனா, பலரும் இறங்கின வேகத்துல ஓலாவோ ஊபரோ புக் பண்ணி நகரத்துக்குள்ள ஓடிடுறாங்க. கையில அரை நாள் இருந்தா, இந்தப் பக்கமே பார்க்க நிறைய இருக்கு. கூடவே, தெரிஞ்சுக்க வேண்டிய சில ஆபத்துகளும் இருக்கு.

முதல்ல போக்குவரத்து!

ஜி.எஸ்.டி சாலையை ஒட்டியே மின்சார ரயில் பாதை போகுது. தாம்பரத்துக்குத் தெற்கே பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி என்று வரிசையா ஸ்டேஷன்கள். பீச் ஸ்டேஷன்ல ஏறுறவங்க ஒண்ணை மட்டும் கவனிங்க. எல்லா ரயிலும் வண்டலூர் வராது, பாதி தாம்பரத்தோட நின்னுடும். போர்டுல 'செங்கல்பட்டு' என்று இருக்கான்னு பார்த்து ஏறுங்க.

ஃப்ளைட்ல வர்றவங்களுக்கு இன்னும் ஈஸி. விமான நிலையத்துக்கு எதிரிலேயே திரிசூலம் ரயில் நிலையம். அங்கிருந்து ஒரே ரயிலில் வண்டலூர் வந்துடலாம். மெட்ரோவை நம்பி வந்தா, அது ஏர்போர்ட்டோட முடிஞ்சுடும். அங்கிருந்து கிளாம்பாக்கம் வரைக்கும் நீட்டிக்கும் திட்டம் இருந்தாலும், இப்போதைக்கு மின்சார ரயில்தான் கைகொடுக்கும். பஸ், ரயில், மெட்ரோ மூணுக்கும் ஒரே இடத்துல டிக்கெட் எடுக்க 'சென்னை ஒன்' செயலியை போன்ல ஏத்திக்கோங்க.

ஜூவுக்குப் போறீங்களா? செவ்வாய்க்கிழமை வேண்டாம்!

வண்டலூர் ஸ்டேஷன்ல இறங்கி ஜி.எஸ்.டி சாலையைக் கடந்தா, நடக்கிற தூரத்துல அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா. 1855-ல் மெட்ராஸில் தொடங்கிய இந்தப் பூங்கா, சென்ட்ரல் அருகே பல காலம் இருந்துவிட்டு, இடநெருக்கடியால் வண்டலூர் காட்டுப் பகுதிக்கு மாறியது. 1985-ல் அப்போதைய முதல்வர் எம்.ஜி.ஆர் திறந்துவைத்தார். பரப்பளவு 602 ஹெக்டேர். அதாவது, சுமார் 1,490 ஏக்கர்!

இந்த எண்ணை மனசுல வெச்சுக்கிட்டு பிளான் பண்ணுங்க. 'ஒரு மணி நேரத்துல சுத்திட்டு வந்துடலாம்' என்ற கணக்கு இங்கே எடுபடாது. பேட்டரி வண்டி, வாடகை சைக்கிள் ரெண்டும் உள்ளே கிடைக்கும். காலையில கேட் திறந்ததும் நுழையுறதுதான் பெஸ்ட். உச்சி வெயில்ல புலியும் சிங்கமும் நிழல்ல படுத்துடும், உங்களுக்கு வால் மட்டும்தான் தெரியும். செவ்வாய்க்கிழமை விடுமுறை. கட்டணம் அவ்வப்போது மாறும் என்பதால், பூங்காவின் இணையதளத்தில் பார்த்து அங்கேயே டிக்கெட் எடுத்துடுங்க.

பறவைகள் பிடிக்கும்னா, பூங்காவுக்குள்ள இருக்கும் ஓட்டேரி ஏரியை மிஸ் பண்ணாதீங்க. வலசைப் பறவைகளைப் பார்க்க நவம்பர் முதல் மார்ச் வரை நல்ல சீசன். ஆனா, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை என்பதால், கிளம்பும்முன் வானிலை பார்த்துடுங்க. 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் அடித்தபோது இங்கே ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்து, பூங்கா பல வாரங்கள் மூடிக்கிடந்தது.

'குட்டி' மலைகள், பெரிய கதைகள்

ரயில் ஜன்னலில் தெரியும் இந்தக் குன்றுகளை 'இதெல்லாம் ஒரு மலையா?' என்று நினைக்காதீங்க. இங்கே இருக்கும் கருநிறப் பாறைக்கு 'சார்னோகைட்' என்று பெயர். கொல்கத்தாவில் இருக்கும் ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கல் இந்த வகைப் பாறைதான் என்பதால், புவியியலாளர் தாமஸ் ஹாலந்து வைத்த பெயர் இது. இந்தப் பக்கத்துக்கு இன்னொரு பெருமையும் உண்டு. இந்தியாவின் பழைய கற்கால ஆய்வுக்குத் தொடக்கமான கைக்கோடரியை 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபூட் கண்டெடுத்தது பல்லாவரத்தில்தான்.

ஏறிப் பார்க்க ரெண்டு இடங்கள். ஒண்ணு, பல்லாவரத்திலிருந்து பஸ்ஸிலோ ஆட்டோவிலோ போகக்கூடிய திருநீர்மலை. 108 திவ்ய தேசங்களில் ஒன்றான இங்கே நின்ற, இருந்த, கிடந்த, நடந்த என நான்கு கோலங்களில் பெருமாளைப் பார்க்கலாம். நின்ற கோலம் அடிவாரத்தில், மற்ற மூன்றும் மலைமேல். மதியம் நடை சாத்திடுவாங்க, பாறையும் கொதிக்கும். அதனால காலையிலேயே ஏறி இறங்கிடுங்க. இன்னொண்ணு, பரங்கிமலை. மின்சார ரயில், மெட்ரோ ரெண்டுமே நிற்கும். 1523-ல் போர்ச்சுகீசியர் கட்டிய தேவாலயமும், மேலிருந்து பார்த்தால் தெரியும் விமான ஓடுதளமும் ஸ்பெஷல்.

ரீல்ஸுக்காக இங்கே போகாதீங்க!

திரிசூலம், பல்லாவரம் வட்டாரத்தில் கல் உடைத்துக் கைவிடப்பட்ட குவாரிகள் பல இருக்கு. மழைநீர் தேங்கி, பச்சை நிறத்துல, போட்டோவுக்கு அம்சமா இருக்கும். ஆனா, அது குளம் இல்லை. குளத்துக்குப் படியும் சரிவான கரையும் இருக்கும். கல்குட்டையில் ரெண்டு அடி எடுத்து வெச்சா, மூணாவது அடிக்குத் தரையே இருக்காது. பாறை செங்குத்தா வெட்டப்பட்டிருப்பதால், உள்ளே விழுந்தவர் பிடித்து ஏறவும் வழி இருக்காது. நன்றாக நீந்தத் தெரிந்தவர்களும் இதில் சிக்குவது இதனால்தான். விடுமுறை நாள்களில் குளிக்கப்போன கல்லூரி மாணவர்கள் உயிரிழந்த செய்திகள் ஒவ்வொரு வருஷமும் வருது.

ஏரிகளிலும் கவனம் தேவை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது, நெடுங்குன்றம் சாலையை ஒரு முதலை கடந்த வீடியோ வைரலானது நினைவிருக்கா? இந்த வட்டார நீர்நிலைகளில் சதுப்பு நில முதலைகள் இருக்கு. மனிதர்களைக் கண்டால் ஒதுங்கிப்போகும் இயல்பு கொண்டவைதான். அதுக்காக நாம தண்ணிக்குள்ள இறங்கி டெஸ்ட் பண்ண வேண்டாம்.

கடைசியா, காடு. வண்டலூரும் நன்மங்கலமும் காப்புக்காடுகள். அனுமதி இல்லாம உள்ளே நுழைவது சட்டப்படி குற்றம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேற்றம் போன இருபதுக்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்த பிறகு, விதிகள் இன்னும் இறுக்கமாகிடுச்சு. ட்ரெக்கிங் ஆசை இருந்தா, வனத்துறை 2024-ல் தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' தளத்தில், பயிற்சி பெற்ற வழிகாட்டியோடு போற பாதையை புக் பண்ணுங்க.

பையில இருக்கட்டும்: தண்ணீர் பாட்டில், தொப்பி, கொசுவிரட்டி, ஃபுல் சார்ஜோட போன். யாராவது தண்ணீரில் விழுந்தா, நீங்களும் குதிக்காதீங்க. துப்பட்டா, கயிறு, நீளமான கொம்பு என எது கிடைக்குதோ அதைக் கரையிலிருந்து நீட்டுங்க. கூட இருக்கறவங்க உடனே 112-க்கு அழைக்கட்டும்.