நெஞ்சைப் பிளக்காமல் ஒரு புது வால்வு!

காலேஜ் கேட் துருப்பிடிச்சு, ஒரு ஆள் நுழையற அளவுக்குத்தான் திறக்குதுன்னு வெச்சுக்கங்க. காலையில மொத்தக் கூட்டமும் அந்த இடுக்கு வழியாத்தான் போகணும். எவ்ளோ தள்ளுமுள்ளு!

வயசான பலரோட இதயத்தில் நடப்பதும் இதுதான். இதயத்திலிருந்து உடம்புக்கு ரத்தம் கிளம்பும் வாசல், அயோர்ட்டிக் வால்வு. 3 முதல் 4 சதுர செ.மீ. திறக்க வேண்டிய அது, கால்சியம் படிந்து இறுகினால் 1 சதுர செ.மீ.க்கும் கீழே போய்விடும். மூச்சு வாங்கும். மயக்கம் வரும். மாத்திரையால் அந்த கேட் திறக்காது. நெஞ்செலும்பைப் பிளந்து, இதயத்தை நிறுத்தி, வால்வை மாற்ற வேண்டும். தளர்ந்துபோன 80 வயசுத் தாத்தா தாங்குவாரா? 'ஆபரேஷன் முடியாது' என்று கைவிரிக்கப்பட்டவர்கள் ஏராளம்.

கசாப்புக் கடை ஐடியா!

1989-ல் டென்மார்க் டாக்டர் ஹென்னிங் ருட் ஆண்டர்சனுக்கு ஒரு யோசனை. சுருங்கி விரியும் கம்பி வலைக்குள்ளேயே வால்வைத் தைத்துவிட்டால்? கசாப்புக் கடையில் பன்றி இதயம் வாங்கி, கம்பியை வளைத்து, தானே செய்து, உயிருள்ள பன்றிக்குப் பொருத்திக் காட்டினார்.

மனிதருக்கு முதலில் பொருத்தியவர் பிரான்ஸ் டாக்டர் அலென் கிரிபியே. 2002 ஏப்ரல் 16, ரூவென் நகரம். நோயாளிக்கு வயது 57. சர்ஜன்கள் கைவிட்ட கேஸ். தொடை ரத்தக்குழாய் வழியே போன வால்வு வேலை செய்தது! நாலு மாதத்தில் வேறு சிக்கல்களால் அவர் இறந்தாலும், வழி திறந்துவிட்டது.

எப்படிப் பொருத்துறாங்க?

மாட்டின் இதய உறையில் செய்த வால்வை, பலூன் மேல் சுருட்டி உள்ளே அனுப்புவார்கள். இதயத்தைச் சில விநாடிகள் மட்டும் நிமிடத்துக்குச் சுமார் 200 முறை துடிக்க வைப்பார்கள். அந்த வேகத்தில் ரத்த ஓட்டம் குறையும். அந்த கேப்பில் பலூனை ஊதினால், புது வால்வு பழையதை ஓரம் தள்ளி உட்கார்ந்துவிடும். அவ்ளோதான்!

2010-ல் வெளியான ஆய்வில், ஆபரேஷன் தாங்காத நோயாளிகளில் வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 50.7 சதவிகிதம் பேர் ஒரே வருடத்தில் இறந்திருந்தார்கள். புது வால்வு பெற்றவர்களில் அது 30.7 சதவிகிதம். 2019-ல் ஆபரேஷன் ரிஸ்க் குறைந்தவர்களுக்கும் அமெரிக்கா அனுமதி கொடுத்தது.

குறைகளும் உண்டு. சிலருக்கு பக்கவாதம் வரலாம், பேஸ்மேக்கர் தேவைப்படலாம். திசு வால்வு காலப்போக்கில் தேயும் என்பதால், இளம் வயதினருக்கு இது முதல் சாய்ஸ் இல்லை. விலையும் லட்சங்களில்!

'மாடி ஏறினா மூச்சு வாங்குது... வயசாச்சுல்ல?' என்று உங்க தாத்தா சிரிச்சுக்கிட்டே சொல்றாரா? நீங்களும் சிரிச்சுட்டுப் போயிடாதீங்க. டாக்டர்கிட்ட காட்டி, ஒரு எக்கோ எடுத்துப் பார்த்துடுங்க பாஸ்!